பத்துச் சதுரத்துக்கு 31 என்றால் இருபதுக்கு ஏன் 62 இல்லை?
தரம் 4 எண் கோலம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணம் வலிகாமப் பக்கத்துச் சிறிய ஆரம்பப் பாடசாலை ஒன்றில் தரம் 4 மாணவி ஒருவர் செய்த செயலட்டை இது. ஈர்க்குத் துண்டுகளால் சதுரங்களை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வரிசையாக அடுக்க வேண்டும். ஒரு சதுரத்துக்கு 4 துண்டு. இரண்டாவது சதுரம் முதலாவதன் வலப்பக்கத் துண்டைத் தானும் பயன்படுத்திக்கொள்வதால் இரண்டு சதுரத்துக்கு 7. மூன்றுக்கு 10. கேள்விகள் நான்கு: அடுத்து வரும் இரண்டு எண்கள் எவை? 10 சதுரத்துக்கு எத்தனை துண்டு? 20 சதுரத்துக்கு எத்தனை? 100 சதுரத்துக்கு எத்தனை?

மாணவியின் விடைகள் இவை. முதற் கேள்விக்கு 13, 16. இரண்டாவதற்கு 31. மூன்றாவதற்கு 62. நான்காவதற்கு 310.

முதல் இரண்டும் சரி. மூன்றாவது 61 ஆகவும் நான்காவது 301 ஆகவும் இருந்திருக்க வேண்டும். இப்படியொரு தாளைத் திருத்தும்போது இரண்டு சரி, இரண்டு புள்ளடி போட்டு, பக்கத்தில் "கவனம்" என்று எழுதிவிட்டுப் போவதுதான் வழமை. ஆனால் இந்தப் பிள்ளை கவனமாகத்தான் செய்திருக்கிறார். 62 என்பது 31இன் இரண்டு மடங்கு, 310 என்பது 31இன் பத்து மடங்கு. இரண்டு பிழையும் ஒரே விதியிலிருந்து வந்தவை, அந்த விதியைப் பிழையில்லாமல் கணித்தும் இருக்கிறார். கவனக்குறைவால் வரும் பிழை ஆளுக்கொரு பக்கம் சிதறும். இங்கே ஒரு ஒழுங்கு தெரிகிறது. எனவே தேட வேண்டியது அந்த விதி எங்கிருந்து வந்தது என்பதை.

மடங்கு எங்கிருந்து வந்தது

பள்ளிக்கூடமே கற்றுக்கொடுத்த விதி அது. ஒரு கொப்பி 80 ரூபா என்றால் 10 கொப்பி 800, 20 கொப்பி 1600. மூன்றாம் வாய்பாட்டில் பத்தாவது வரி 30, இருபதாவது வரி 60. அங்கெல்லாம் எண்ணிக்கை இரண்டு மடங்கானால் விடையும் இரண்டு மடங்காகும். தரம் 2 தொடங்கிப் பிள்ளை செய்த கணக்குகளில் பெரும்பாலானவை இந்த வகை. அதனால் 3, 6, 9, 12 என்ற தொடரையும் 4, 7, 10, 13 என்ற தொடரையும் பிள்ளை ஒரே கண்ணால் பார்க்கிறது. இரண்டிலும் மூன்று மூன்றாகத்தானே கூடுகிறது!

வேறுபாடு தொடக்கத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை போதும்: முதல் எண்ணிலிருந்து ஒரு படி பின்னால் போக வேண்டும். 3, 6, 9 இல் பின்னால் போனால் 0 வருகிறது. அங்கே மடங்கு போடலாம். 4, 7, 10 இல் பின்னால் போனால் 1 வருகிறது. சதுரம் ஒன்றுகூட இல்லாதபோதே ஒரு துண்டு இருக்கிறது. அந்த ஒன்று, எத்தனை சதுரம் வந்தாலும் ஒன்றாகவே இருக்கும், மடங்காகாது. பிள்ளை 31ஐ இரட்டித்தபோது அந்த ஒன்றையும் சேர்த்து இரட்டித்துவிட்டார். நூறுக்குப் பத்து மடங்கு போட்டபோது அந்த ஒன்று பத்தாகிவிட்டது. 310க்கும் 301க்கும் உள்ள வித்தியாசமான 9 எங்கிருந்து வந்தது என்பது இவ்வளவுதான்.

அதே செயலட்டையில் இன்னொரு விடயமும் இருக்கிறது. 10 சதுரத்துக்கான விடையைப் பிள்ளை இப்படி எழுதிக் கண்டிருக்கிறார்:

4 + 3 = 7 + 3 = 10 + 3 = 13 + 3 = 16 …

விடை சரியாக வந்ததால் யாரும் இதைத் தொடவில்லை. ஆனால் எழுதியபடி பார்த்தால் 4 + 3 உம் 7 + 3 உம் சமன் என்றாகிறது. சமன் குறியை "அடுத்து விடை வரும்" என்ற அடையாளமாகப் பிள்ளை வைத்திருக்கிறார். இதை இப்போதே திருத்தாவிட்டால் இடைநிலை வகுப்பில் சமன்பாடு வரும்போது இரண்டு பக்கமும் ஒரே பெறுமானம் என்ற எண்ணமே பிடிபடாது. திருத்த வழி சுலபம். தொடரில் சமன் குறிக்குப் பதிலாக அம்புக்குறி போட்டு, மேலே +3 என்று எழுதச் சொல்ல வேண்டும். சமன் குறி கணக்கு வசனத்துக்கு மட்டும்.

வகுப்பில் இன்னொரு மாணவன் 20 சதுரத்துக்கு 64 என்று எழுதியிருந்தார். இது வேறு நோய். மடங்கு போடவில்லை, நாலில் தொடங்கி மூன்றை இருபது தடவை கூட்டியிருக்கிறார். முதற் சதுரம் 4 என்று ஏற்கெனவே வந்துவிட்டதால் கூட்ட வேண்டியது 19 தடவை மட்டும். வேலிக்குக் கதியால் (நட்டு வைக்கும் தடி) போட்ட ஆட்களுக்கு இது தெரியும். பத்து இடைவெளிக்குப் பதினொரு கதியால் வேண்டும். எண்ணுவது கதியாலையா இடைவெளியையா என்று கேட்காமல் எண்ணத் தொடங்கினால் கணக்கு ஒன்றால் தவறும். 62 எழுதிய பிள்ளைக்கும் 64 எழுதிய பிள்ளைக்கும் ஒரே மருந்து கொடுத்தால் இருவரில் ஒருவருக்காவது அது வேலை செய்யாது. விடையைப் பார்த்தவுடன் "இது எப்படி வந்தது" என்று ஆசிரியர் பின்னோக்கிப் போட்டுப் பார்ப்பது அதற்காகத்தான். இந்தக் கோலத்தில் 62 வந்தால் மடங்குப் பிழை, 64 வந்தால் ஒன்று கூடிய பிழை, 80 வந்தால் பிள்ளை ஒவ்வொரு சதுரத்தையும் தனித்தனியாக நாலு துண்டால் கட்டுகிறது. 60 வந்தால் தொடக்கத் துண்டு விட்டுப்போயிற்று.

சூத்திரம் கொடுத்துப் பார்த்தது

வகுப்பாசிரியர் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். கரும்பலகையில் இரண்டு வரி அட்டவணை போட்டார். மேல் வரியில் சதுரங்களின் எண்ணிக்கை, கீழ் வரியில் துண்டுகளின் எண்ணிக்கை. பிறகு "மேலே உள்ளதை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் கீழே உள்ளது வரும்" என்று காட்டினார். பிள்ளை உடனே பிடித்துக்கொண்டார். 20க்கு 61, 100க்கு 301. கொப்பியில் எல்லாம் சரி.

மறுநாள் வேறொரு தொடர்: 5, 8, 11, 14. இருபதாவது எண் என்ன? பிள்ளை எழுதியது 61. சரியான விடை 62. (முதல் நாள் பிழையாகப் போன அதே 62 இன்றைக்குச் சரியான விடையாகி நின்றது. எண் கோலங்களுக்கு இப்படி ஒரு குறும்பு உண்டு.)

என்ன நடந்தது? மூன்றால் கூடும் தொடர் என்றால் "மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு" என்று பிள்ளை மனதில் பதித்துக்கொண்டார். மூன்றால் பெருக்குவதற்கு ஒரு காரணம் அவருக்குத் தெரிந்தது, ஒவ்வொரு முறையும் மூன்று கூடுகிறது. ஒன்றைக் கூட்டுவதற்கான காரணம் தெரியவில்லை. அது ரீச்சர் சொன்னதால் வந்த ஒன்று. காரணம் தெரியாத எண்ணை வேறொரு தொடருக்கு மாற்றிப் போட யாராலும் முடியாது.

அட்டவணையிலும் ஒரு சிக்கல் உண்டு. பிள்ளைகளின் கண் கீழ் வரியில் இடமிருந்து வலமாக ஓடும்: 4, 7, 10, 13, மூன்று மூன்றாக. மேலிருந்து கீழாகப் பார்த்தால்தான் 1க்கு 4, 2க்கு 7, 3க்கு 10 என்ற தொடர்பு தெரியும். படுக்கையாக எழுதிய அட்டவணை கண்ணைப் படுக்கையாகவே இழுக்கும். அதை நிமிர்த்தி, இடது நிரலில் சதுரம், வலது நிரலில் துண்டு என்று எழுதுவது நல்லது. வரிசையைக் குலைத்து 1, 2, 5, 3, 10 என்று போட்டால் இன்னும் நல்லது. பக்கத்து எண்ணைப் பார்த்து மூன்று கூட்ட வழியில்லாதபோது பிள்ளை குறுக்கே பார்க்கத்தான் வேண்டும்.

ஈர்க்கு மேசைக்கு வந்தபோது

தென்னோலை ஈர்க்கின் அடி தடிப்பு, நுனி மெலிவு. நுனிப் பக்கத்தைக் கழித்துவிட்டு நடுப்பகுதியை 6 சென்ரிமீற்றர் துண்டுகளாக அடிமட்டம் வைத்து வெட்ட வேண்டும். நீளம் ஒன்றுக்கொன்று மாறினால் வரிசை கோணிக்கொண்டு போகும், பிள்ளையின் கவனமும் அதோடு போய்விடும். இரண்டு பேருக்கு 65 துண்டு இருந்தால் போதும். நெருப்புக்குச்சி பாவிப்பதானால் மருந்து முனையை முன்கூட்டியே வெட்டிவிட வேண்டும், ஆனால் அது சின்னது, கைபட்டால் குலைந்துவிடும். காற்றாடியை நிறுத்திவிட்டுத் தொடங்குவது புத்தி.

மாணவியிடமும் பக்கத்தில் இருந்தவரிடமும் ஆளுக்குப் பத்துச் சதுர வரிசை ஒன்று கட்டச் சொன்னார் ஆசிரியர். 6 சென்ரிமீற்றர் துண்டென்றால் பத்துச் சதுரம் 60 சென்ரிமீற்றர், இரண்டு மேசையை ஒட்டிப் போட்டால் இரண்டு வரிசையும் ஒரே நேர்கோட்டில் அடங்கும். கட்டி முடிந்ததும் எண்ணினார்கள். ஆளுக்கு 31.

"இப்ப ரெண்டு பேரின்ரையும் சேத்தா எத்தினை துண்டு, பிள்ளை?"

"அறுபத்திரண்டு, ரீச்சர்."

"எத்தினை சதுரம்?"

"இருபது."

"சரி, அப்ப ஒரே வரிசையா ஒட்டி வையுங்கோ பாப்பம்."

மாணவி தன்னுடைய வரிசையை மெல்லத் தள்ளிக்கொண்டு போய் மற்றதோடு முட்டவைத்தார். முட்டிய இடத்தில் நிமிர்ந்த துண்டுகள் இரண்டு ஒன்றையொன்று தொட்டபடி கிடந்தன. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், இதில ஒண்டு மிச்சம். நடுவில ஒண்டு காணும்."

ஒன்றை எடுத்துத் தனியே வைத்தார். 61.

இந்த இடத்தில் ஆசிரியர் "பார்த்தீர்களா, அதனால்தான் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுகிறோம்" என்று குறுக்கே பாயவில்லை. பாய்ந்திருந்தால் பிள்ளை கண்டுபிடித்தது மறுபடியும் ரீச்சருடைய சூத்திரமாகியிருக்கும். பதிலுக்கு, "அப்ப நூறு சதுரம் எண்டால்?" என்று மட்டும் கேட்டார். பிள்ளை விரலால் மேசையில் கோடு போட்டபடி கணக்குப் பார்த்தார். பத்துச் சதுர வரிசைகள் பத்து, 310 துண்டு. ஒட்டும் ஒவ்வோர் இடத்திலும் ஒன்று மிச்சம். முதலில் பத்து மிச்சம் என்று 300 சொன்னார். வரிசைகளைச் சிறு கோடுகளாகக் கொப்பியில் கீறிப் பார்த்து, ஒட்டுகிற இடம் ஒன்பதுதான் என்று தானே திருத்தி 301 என்றார். கதியாலும் இடைவெளியும் மறுபடியும் வந்துவிட்டது, இந்த முறை பிள்ளையே தாண்டினார்.

மடங்கு போட்டது முழுப் பிழையில்லை என்பதையும் இது காட்டுகிறது. மடங்கு போட்டு, ஒட்டும் இடங்களைக் கழித்தால் அது ஒரு முழுமையான வழி. பிள்ளையின் பிழையான விதியை அழிறப்பரால் அழித்துவிட்டு வேறொன்றை எழுதுவதைவிட, அந்த விதியில் குறைகிற துண்டைப் பிள்ளையே போட்டுக்கொள்வது உறுதியாக நிற்கிறது.

ஒரே வரிசை, நாலு பார்வை

அடுத்த பாடவேளையில் அதே வரிசையை வகுப்பு முழுவதற்கும் வைத்து, "எண்ணாமல் எப்படிச் சொல்லலாம்?" என்று கேட்டபோது வேறு வேறு வழிகள் வந்தன. இவற்றை ஆசிரியர்கள் முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் பிள்ளை அரைகுறையாகச் சொல்வதையும் பிடித்துக்கொள்ளலாம்.

இடது ஓரத்தில் ஒரு துண்டு முதலில் நிமிர்ந்து நிற்கிறது. பிறகு வருகிற ஒவ்வொரு சதுரமும் மேல், கீழ், வலம் என்று மூன்றைக் கொண்டுவருகிறது. இருபதுக்கு 1 + 20 × 3. கூட்டுகிற ஒன்று எது என்று விரல் வைத்துக் காட்டலாம் என்பதால் தொடக்கத்துக்கு இதுவே சிறந்தது. முதல் எண்ணிலிருந்து ஒரு படி பின்னால் போனபோது வந்த 1 இதே துண்டுதான்.

இரண்டாவது பார்வை: முதற் சதுரம் முழுதாக 4, பிறகு வருகிற 19 சதுரமும் மும்மூன்று. 4 + 19 × 3. பிள்ளைகள் தொடரைக் கூட்டிப் போகும் முறைக்கு இது மிகக் கிட்ட. 64 எழுதிய மாணவனுக்கு இதைத்தான் காட்ட வேண்டும், அவர் 19க்குப் பதில் 20 போட்டவர். தரம் 10இல் கூட்டல் விருத்தி படிக்கும்போது முதலாம் உறுப்போடு, ஒன்று குறைந்த இடத்தெண்ணைப் பொது வித்தியாசத்தால் பெருக்கிக் கூட்டுகிறார்களே, அது இந்தப் பார்வையேதான்.

மூன்றாவதில் படுக்கையும் நிமிர்வும் பிரிகின்றன. மேலே 20, கீழே 20, நிமிர்ந்தவை 21. நிமிர்ந்தவை ஏன் 21 என்று கேட்பது நல்ல கேள்வி. நாலாவது: எல்லாச் சதுரத்தையும் தனித்தனியாகக் கட்டியதாக வைத்து 80 எடுத்து, இரண்டு தரம் எண்ணிய 19 நடுத் துண்டுகளைக் கழிப்பது. 80 என்று எழுதிய பிள்ளை இந்த வழியின் பாதியில் நிற்கிறது. அதைப் பிழை என்று தள்ளாமல், "எத்தினை துண்டை ரெண்டு தரம் எண்ணினீங்கள்?" என்று கேட்டால் மீதிப் பாதியையும் கடந்துவிடும்.

நாலும் 61இல் வந்து நிற்கின்றன. எல்லாப் பிள்ளைக்கும் நாலையும் திணிக்கத் தேவையில்லை. ஒரு பிள்ளை தன்னுடைய ஒரு வழியைத் துண்டைத் தொட்டுக் காட்டி விளக்கினால் போதும்.

பின்னாலிருந்து கேட்கும் கேள்வி

"அடுத்து என்ன?" என்ற கேள்வியால் ஒரு பிள்ளை கோலத்தை விளங்கியதா என்று தெரியாது. இந்த மாணவி அந்தக் கேள்விக்கு முதல் நாளே சரியாக விடை எழுதியவர். தூரத்து இடத்தைக் கேட்டபோதுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. அதைவிடக் கூர்மையானது பின்னாலிருந்து கேட்பது: உங்களிடம் 48 துண்டு இருக்கிறது, எத்தனை சதுரம் கட்டலாம், எத்தனை மிஞ்சும்?

48ஐத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தொடக்கத் துண்டை மறந்த பிள்ளை 48 ÷ 3 = 16, மிச்சமில்லை என்று எழுதும். நாலால் வகுக்கிற பிள்ளை 12, மிச்சமில்லை என்று எழுதும். இரண்டும் மீதியில்லாமல் வடிவாக வருவதால் பிள்ளைக்குத் தன் விடையில் சந்தேகமே எழாது. சரியான வழி, ஒன்றை முதலில் எடுத்து வைத்துவிட்டு 47ஐ மூன்றால் வகுப்பது. ஈவு 15, மீதி 2. பதினைந்து சதுரம், இரண்டு துண்டு மிச்சம். 61 கொடுத்துக் கேட்டால் தொடக்கத் துண்டை மறந்த பிள்ளைக்கும் 20 சதுரம், 1 மிச்சம் என்று சதுரக் கணக்குச் சரியாகவே வரும், பிழை மீதியில் ஒளிந்துகொள்ளும். கேள்வியில் எந்த எண்ணைப் போடுகிறோம் என்பதில் ஆசிரியரின் வேலை பாதி முடிந்துவிடுகிறது.

விளங்கியது வேறொரு கோலத்துக்கும் போகிறதா என்று பார்க்க மேசைக் கணக்கு கொடுக்கப்பட்டது. கலியாண மண்டபத்து நீள் மேசை ஒன்றில் ஆறு பேர் இருக்கலாம்: நீளப் பக்கங்களில் இரண்டிரண்டு, ஓரங்களில் ஒவ்வொன்று. ஓரத்தோடு ஓரம் ஒட்டிப் போட்டால் இரண்டு மேசைக்குப் பத்துப் பேர், மூன்றுக்குப் பதினாலு. பத்து மேசைக்கு 42. இருபதுக்கு?

மாணவி 82 என்று எழுதி, பக்கத்தில் "42 + 42 - 2" என்று போட்டிருந்தார். முந்திய கோலத்தில் ஒட்டும் இடத்தில் ஒரு துண்டு போனது, இங்கே இரண்டு கதிரை போகிறது. அந்த 2ஐ அவர் கோலத்திலிருந்தே எடுத்திருக்கிறார், மனப்பாடத்திலிருந்து எடுத்திருந்தால் 1 என்று வந்திருக்கும். சூத்திரம் சொல்லிக்கொடுத்த நாளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஓர் எண்ணில் இருக்கிறது.

திரும்பத் திரும்ப வருபவை

வளரும் கோலத்தில் தேறியவர்கள் சுழலும் கோலத்தில் சறுக்குவது இந்த வகுப்பிலும் நடந்தது. சிவப்பு, சிவப்பு, பச்சை என்று சோடா மூடிகளை அடுக்கினால் 20ஆவது மூடி என்ன நிறம்? மூன்றுதான் திரும்பி வரும் அலகு. 20 ÷ 3, மீதி 2, அலகில் இரண்டாவது, சிவப்பு. இதில் இரண்டு இடத்தில் பிசகும். ஒன்று, அலகைப் பிடிக்காமல் நிறங்களை எண்ணி "ரெண்டு நிறம்தானே" என்று இரண்டால் வகுப்பது. கோலத்தைப் பென்சிலால் துண்டு துண்டாகப் பிரித்துக் கோடு போடச் சொன்னால் இது தீரும். மற்றது மீதி 0 வரும்போது. 21ஆவது மூடியைக் கேட்டால் 21 ÷ 3இல் மீதி இல்லை, பிள்ளை "பூச்சியமாவது மூடி இல்லையே" என்று திகைத்து நிற்கும், அல்லது முதலாவதற்குப் போய்ச் சிவப்பு என்று எழுதும். மீதி இல்லாமல் முடிந்தால் அலகு அப்போதுதான் நிறைந்திருக்கிறது, எனவே கடைசி மூடி, பச்சை. 3, 6, 9ஆவது மூடிகளை விரல் வைத்துத் தொட்டுப் பார்த்தால் எல்லாம் பச்சை. விதியாகச் சொல்வதைவிட இது விரைவில் ஏறும்.

கிழமை நாட்களும் ஏழின் சுழற்சிதான். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் 25 நாள், 24ஆம் நாள் தேர். கொடியேற்றம் எந்தக் கிழமையோ, தேர் வரும் கிழமை அதிலிருந்து எத்தனை நாள் தள்ளியிருக்கும்? 24 ÷ 7, மீதி 3 என்று பிள்ளைகள் போடுவார்கள். கொடியேறிய நாளே முதலாம் நாள் என்பதால் இடையில் நகர்வது 23 நாள். 23 ÷ 7, மீதி 2. 2024இல் கொடியேற்றம் ஓகஸ்ட் 9, வெள்ளி. தேர் செப்ரெம்பர் 1, ஞாயிறு. 2025இல் கொடியேற்றம் யூலை 29, செவ்வாய். தேர் ஓகஸ்ட் 21, வியாழன். இரண்டு வருடமும் இரண்டு நாள் தள்ளித்தான். நாட்காட்டியை விரித்துப் பிள்ளைகளே சரிபார்க்கலாம், 64 எழுதிய மாணவனுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

வித்தியாசமே மாறும்போது

வித்தியாசம் எப்போதும் ஒரே எண்ணாக இருக்கும் தொடர்களையே கொடுத்துக்கொண்டிருந்தால் பிள்ளை எல்லாவற்றையும் அப்படியே பார்க்கும். புளியங்கொட்டையை முக்கோணமாக அடுக்கினால் 1, 3, 6, 10. சதுரமாக அடுக்கினால் 1, 4, 9, 16. சதுரத்தில் ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கத்தை மூடியபடி ஒரு மூலைப் பட்டி கூடுகிறது: 3, 5, 7. ஒற்றை எண்களை 1இலிருந்து வரிசையாகக் கூட்டினால் ஏன் சதுர எண் வருகிறது என்பது அந்தப் பட்டிகளை இரண்டு நிறத்தில் வைத்தாலே தெரிந்துவிடும். முற்றத்தில் போடுகிற புள்ளிக் கோலத்தில் 1, 3, 5, 7, 5, 3, 1 என்று புள்ளி வைத்தால் மொத்தம் 25. நடு வரிசை 1, 3, 5, 7 என்று பெரிதாகும்போது மொத்தம் 1, 5, 13, 25. முன்னே ஓடுகிற பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்து, 25ஐ 16ஆகவும் 9ஆகவும் எப்படிப் பிரிக்கலாம் என்று கேட்கலாம். சரிவாகப் பார்த்தால் நாலுக்கு நாலு சதுரம் ஒன்றும், அதன் இடைகளில் மூன்றுக்கு மூன்று சதுரம் ஒன்றும் இருக்கும்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துப் பெற்றோர் கேட்பது வேறு: தொடரைப் பார்த்தவுடன் விடை வர வேண்டும். ரியூசன் வகுப்புகளில் கடந்தகால வினாத்தாள்களை அடுக்கி இதைத்தான் பழக்குகிறார்கள். வேகம் தேவைதான். ஆனால் 2, 4, 8 என்று மூன்று எண் கொடுத்து அடுத்ததைக் கேட்டால் இரட்டித்துப் போகிறவருக்கு 16, வித்தியாசம் 2, 4, 6 என்று பார்க்கிறவருக்கு 14. இரண்டுக்கும் காரணம் உண்டு. பல்தேர்வு வினாவில் விடைத் தெரிவுகள் இந்தச் சிக்கலை மறைத்துவிடும், வகுப்பில் ஆசிரியர் மறைக்கக் கூடாது. வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து ஒவ்வொன்றையும் மற்றெல்லாவற்றோடும் நேர்கோட்டால் இணைத்தால் வட்டம் ஆகக்கூடியது எத்தனை பகுதியாகப் பிரியும் என்ற கணக்கில் 1, 2, 4, 8, 16 வரை இரட்டித்தே போகும். ஆறாவது புள்ளி வைத்தால் 32 வராது, 31தான். ஐந்து எண் ஒத்துப்போனது ஆறாவதற்கு உத்தரவாதமில்லை, கோலம் எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்க்காதவரை. ஆகவே எண்களை மட்டும் கொடுக்கும்போது விடையோடு காரணத்தையும் ஒரு வரியில் எழுதச் சொல்லி, 14க்கும் புள்ளி கொடுக்கலாம்.

தவணை முடிவுக்குக் கிட்டக் கொடுத்த கலப்புச் செயலட்டையில் மாணவியின் நிலை இது. வரிசைச் சதுரம், மேசை, 5, 8, 11, 14 தொடர் மூன்றிலும் தூரத்து இடம் சரி. தொடருக்கு அவர் எழுதிய காரணம், "ஒரு படி பின்னுக்குப் போனால் 2. அது மடங்காகாது." 48 துண்டுக் கணக்கில் 15 சதுரம் என்று எழுதி, மிச்சத்தை எழுத விட்டுவிட்டார். சமன் குறி ஓரிடத்தில் பழையபடி சங்கிலியாக ஓடியிருந்தது, பிறகு வெட்டி அம்புக்குறி போட்டிருக்கிறார். மூடிக் கேள்வியில் 20ஆவது சிவப்பு சரி, 21ஆவது சிவப்பு பிழை. அடுத்த தவணையில் அவருக்குக் கொடுக்க வேண்டியது மீதி 0 வருகிற இடங்கள்: நாலு மூடி அலகில் 12, 16, 40ஆவது, அதோடு 7, 14, 21ஆம் நாட்களின் கிழமை. மூடிகளை மேசையில் வைத்தே தொடங்க வேண்டும்.